வாடாத பயறு

ஈர மண் நிரப்பிய கறுப்புப் பொலித்தீன் பையைத் தூக்கினால் கை வழுக்கும். நகத்துக்குள் மண் போய்விடும்… அந்த மண்ணோடுதான் லெக்சருக்கும் போவேன், பிராக்டிசுக்கும் போவேன். கம்பஸ் நெட்போல் டீமில் நான் கோல் ஷூட்டர். பந்தெல்லாம் மண்ணாக்குகிறேன் என்று டீமில் திட்டாத ஆள் இல்லை.

கடைசி வருட ஆய்வுக்கு நான் எடுத்தது பயறு. அப்பா வருடா வருடம் எடுத்து வைக்கிற எங்கள் வீட்டு விதை. தண்ணீர் விடாவிட்டால் எத்தனை நாள் தாங்கும் என்று பார்க்க வேண்டும்.

நாற்பது பை. இருபதுக்குத் தினமும் தண்ணீர். சிவப்பு நாடா கட்டிய மற்ற இருபதுக்கு ஒரு சொட்டும் இல்லை. ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பையையும் தராசில் வைத்து, நிறையை சி.ஆர். கொப்பியில் எழுத வேண்டும். அவ்வளவுதான் என்னுடைய பெரிய விஞ்ஞானம்!

கம்பஸில் வைத்தால் குரங்குகள் ஒன்றையும் மிச்சம் விடாது. அதனால் பூவரசங்குளத்தில், எங்கள் வீட்டுப் பின்வளவில், மழை படாமல் மேலே தகரம் போட்டு வைத்தேன்.

தண்ணீரை நிறுத்தி இரண்டாம் நாள்… நெட்போல் மீட் வந்துவிட்டது. கண்டிப் பக்கம், ஐந்து நாள். போகாமல் இருக்க மனம் வரவில்லை. அப்பாவிடம் படித்துப் படித்துச் சொன்னேன்.

"அப்பா, சிவப்பு நாடாக்குத் தண்ணி விடக்கூடாது. என்ன நடந்தாலும் விடக்கூடாது."

"ஓம் பிள்ளை, விளங்குது. நீ போட்டு வா."

செமி பைனலில் தோற்றோம். கணுக்கால் சுளுக்கோடு, பஸ்ஸில் ஒரு கால் நீட்டியபடி வந்து இறங்கினேன். பையைக்கூட வைக்காமல் பின்வளவுக்கு நொண்டிக்கொண்டு போனேன்.

சிவப்பு நாடா கட்டிய இருபதும் பச்சைப்பசேலென்று நின்றன.

தராசை எடுக்கவில்லை. மண்ணைத் தொட்டும் பார்க்கவில்லை. நேரே சேருக்குப் போன் அடித்தேன். என் ஆய்வைப் பார்த்த விரிவுரையாளர் அவர்.

"சேர்! ஒண்டும் வாடேல்ல சேர். ஏழு நாளாகுது!"

"உண்மையாவோ? உங்கட வீட்டு விதையெல்லே அது? பொறும், நான் இப்பவே டிப்பார்ட்மெண்ட் ஹெட்டுக்குச் சொல்லுறன்."

பின்னேரம் அப்பா வயலால் வந்து கிணற்றடியில் கால் கழுவினார். நான் துள்ளாத குறையாக விசயத்தைச் சொன்னேன். அவர் முகம் ஒரு மாதிரிப் போனது.

"பிள்ளை… மூண்டு நாள் பொறுத்துத்தான் பாத்தனான். அதுகள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிண்டுதுகள். பக்கத்தில கிணறு இருக்கேக்க பாத்துக்கொண்டு நிக்க ஏலேல்ல. ஒவ்வொரு செம்புதான் விட்டனான்… பிழையோ?"

வயலுக்கு எப்போது குளத்துத் தண்ணீர் திறப்பார்கள் என்று காத்தே காலம் கழித்த மனுசன். அவரிடம் என்னத்தைக் கோபிக்கிறது?

"இல்லையப்பா, பரவாயில்லை" என்றேன்.

திரும்பச் செய்திருக்கலாம். விதை இருந்தது. மூன்று கிழமை பிந்தியிருக்கும், அவ்வளவுதான். ஆனால் அடுத்த நாள் காலை கம்பஸுக்குப் போனால், கன்டீன் வரை கதை போய்விட்டது. டிப்பார்ட்மெண்டில் தற்காலிக விரிவுரையாளர் இடம் ஒன்று வரப்போகிறது என்றும் சேர் காதில் போட்டார். எனக்கு அந்த வேலை வேணும். வீட்டுக்கும் வேணும்.

அன்று கொப்பியைத் திறந்து, நான் நிறுக்காத நாட்களுக்கு நிறை எழுதினேன். ஒரே மாதிரி இருக்கக் கூடாதென்று கொஞ்சம் கூட்டியும் குறைத்தும் எழுதினேன். எழுதி முடித்து, ஆறுதலாகத் தேத்தண்ணி ஊற்றிக் குடித்தேன். அதுதான் இப்போது நினைக்கப் பயமாக இருக்கிறது.

வேலை கிடைத்தது.

அடுத்த வருடம் நிரோஜா வந்தாள். எங்கள் ஜூனியர், அதிகம் பேசாத பிள்ளை. என்னுடைய ஆய்வை இன்னும் பெரிதாகச் செய்யச் சொல்லி, சேர் அதே விதையை அவளிடம் கொடுத்தார். அவளுடைய செடிகள் ஐந்தாம் நாள் வாடின. திரும்ப வைத்தாள். திரும்பவும் ஐந்தாம் நாள். மூன்றாம் தரமும் அப்படியே.

"உமக்குக் கவனம் காணாது. அவா எப்பிடிச் செய்தவா எண்டு போய்க் கேளும்" என்று சேர் என்னிடம் அனுப்பினார்.

கொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என் மேசைக்கு முன்னால் நின்றாள். கண் சிவந்திருந்தது.

"அக்கா, நான் எங்க பிழை விட்டனான்?"

"மண்ணாய் இருக்கும்… மண்ணை மாத்திப் பாரும்" என்றேன்.

மாற்றினாள். பாவி நான், மாற்றவும் விட்டேன்.

இப்போது என் மாணவர்கள் ஒவ்வொரு பையையும் தராசில் வைத்து, திகதியோடு போட்டோ எடுத்து வட்ஸ்அப் குரூப்பில் போட வேண்டும். மிஸ் சரியான ஸ்ட்ரிக்ட் என்று முறைக்கிறார்கள். அப்போது எங்களிடம் ஒரு கொப்பியும் பேனையும்தான்… எழுதினதை அப்படியே நம்பினார்கள். எது நல்ல காலம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இதைச் சுமந்து களைத்துப் போனேன்.

போன மாதம் வவுனியா பஸ் ஸ்டாண்டில் நிரோஜாவைக் கண்டேன். ஓமந்தைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாளாம். மேலே படிக்கவில்லையா என்று கேட்டேன்.

"எனக்கு அந்த ரிசேர்ச் எல்லாம் சரிவராதக்கா. ஒரு பயத்தஞ்செடியையே ஒழுங்கா வளக்கத் தெரியாத ஆள் நான்" என்று சிரித்தாள். பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள். அப்போதும் கை காட்டித்தான் அனுப்பினேன்.

சேருக்கு நேற்று எல்லாவற்றையும் எழுதி அனுப்பிவிட்டேன். இன்னும் பதில் இல்லை. வேலைக்கு என்ன வந்தாலும் வரட்டும்.

நிரோஜா, நீரும் என் இந்த முகநூல் நட்புப் பட்டியலில் இருக்கிறீர். மூன்று தரமும் நீர் சரியாகத்தான் செய்தீர். அந்தப் பயறு ஐந்தாம் நாள் வாடும்.