வட்டத்துக்குக் கீழே எழுதக்கூடாது

சென்னையில் நான் வேலை பார்க்கும் கணிப்பொறி மையத்தில் போன வாரம் ஓர் ஆராய்ச்சி உரை. பேசியவர் கண்ணாடித் தாள்களை விளக்குப் பெட்டியின் மேல் ஒவ்வொன்றாக வைத்தார். திரையில் தேற்றங்கள் வந்தன, போயின. ஓரிடத்தில் எனக்குப் புரியவில்லை. கை தூக்கலாமா என்று யோசிப்பதற்குள் அந்தத் தாள் போய்விட்டது. என் கை தன்னையறியாமல் மேசைமேல் சாக்பீசைத் துழாவியது. பக்கத்தில் இருந்தவர் கைப்பையைத் தேடுகிறேன் என்று நினைத்து அதை எடுத்துக் கொடுத்தார். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன், வேறென்ன செய்வது?

சாக்பீஸ் என்றால் எனக்கு ஈரச் சாக்பீஸ்தான். எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் பல்கலைக்கழகக் கணிதத் துறை தூத்துக்குடியில், துறைமுகத்துக்குப் பக்கத்தில், சங்குகளைச் சேமித்து வைக்கும் ஒரு கிட்டங்கியின் மாடியில் இருந்தது. கடற்காற்றில் சாக்பீஸ் நமத்துவிடும். எழுதினால் கோடு விழாது. சனிக்கிழமை உரைக்கு முன்னால் டீக்கடை பாய்லர்மேல் டப்பாவை வைத்துச் சூடுகாட்டி எடுத்து வருவது, ஆராய்ச்சிக்குப் புதிதாகச் சேர்ந்திருந்த என் பொறுப்பு. அந்த வருடம் நான் தேறியது அந்த ஒரு வேலையில்தான். முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் சிப்பிகள் குவிந்து கிடந்த அறை அது என்பார்கள். அலுப்பான உரைகளின்போது தரைப்பலகை இடுக்குகளில் முத்து கிடக்கிறதா என்று பார்த்திருக்கிறேன். நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

எதையும் வகை பிரிப்பது என் சுபாவம். அங்கே எழும் கேள்விகளைக்கூடப் பிரித்து வைத்திருந்தேன். தெரிந்துகொள்ளக் கேட்பது, தெரியும் என்று காட்டக் கேட்பது, டீ ஆறிவிடும் என்பதை நாசூக்காகச் சொல்லக் கேட்பது. இவற்றில் அடங்காத ஒன்றும் உண்டு. அதற்குத்தான் வட்டம்.

நிரூபணத்தில் ஒரு வரி சரியில்லை என்று யாருக்குப் பட்டாலும் எழுந்துபோய் அந்த வரியைச் சுற்றி வட்டம் போடலாம். சந்தேகம் தீரும்வரை பேசுகிறவர் அதற்குக் கீழே ஒரு எழுத்தும் எழுதக்கூடாது. துறைத் தலைவருக்கும் இதே சட்டம்தான். அவருக்கு விழுந்த வட்டம் ஒருமுறை வாரக்கணக்கில் பலகையிலேயே இருந்தது. வட்டத்தை அழிக்காமல் மிச்ச இடத்தில்தான் அவர் எங்களுக்குப் பாடம் நடத்தினார்.

எனக்கு மூத்த ஆராய்ச்சி மாணவி ரோஸ்லின். நாசரேத்துக்காரி. முடிவில்லாத தொடர்களில் ஒரு வகை, எவ்வளவு துள்ளினாலும் கடைசியில் ஓர் எண்ணை நெருங்கி அடங்கிவிடும் என்று நிரூபித்திருந்தாள். பல வருட உழைப்பு. அதைப் பேசிய சனிக்கிழமை அவள் அப்பா வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மிஷன் பள்ளித் தலைமையாசிரியர். தன் பள்ளியில் அவளுக்கு ஒரு வேலையைப் பிடித்து வைத்திருந்தார். அவர் போட்ட நிபந்தனை இது: அன்றைய உரை தேறினால் ஆராய்ச்சியைத் தொடரலாம். இல்லையென்றால் ஜூன் மாதம் ஊருக்கு. துறையில் எல்லோருக்கும் இது தெரியும். அவரைக் காலையில் பஸ் ஸ்டாண்டிலிருந்து அழைத்து வந்த முத்தையாவுக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

முத்தையா எங்களோடு படித்தவர்தான். ஓட்டப்பிடாரத்தில் அவர் வீட்டில் மளிகைக் கடை இருந்ததால் எங்களுக்கு அவர் அண்ணாச்சி. ரோஸ்லின் கடைசிப் பலகைக்கு வந்தபோது அவர் எழுந்தார். டீ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"ரோஸ்லின், கோவிச்சுக்கிடாத. முதல் பலகையில மூணாவது வரி எனக்கு இடிக்கி."

"போடுங்க அண்ணாச்சி."

அவர் போய்ச் சாக்பீசை எடுத்தார். வட்டம் கோணிப்போய் விழுந்தது.

"என்னவே, முட்டையா போட்டீரு?" என்றார் துறைத் தலைவர். ஒருவரும் சிரிக்கவில்லை.

ரோஸ்லின் அந்த வரியின் முன்னால் போய் நின்றாள். ஒவ்வொரு படியிலும் உண்மையாக இருப்பது, படிகள் முடிவில்லாமல் போனாலும் உண்மையாகவே இருக்கும் என்று அங்கே நம்பியிருந்தாள். பார்க்க எவ்வளவு நியாயமான நம்பிக்கை! எண்களை நேசிக்கிறவர்கள்தான் இப்படி ஏமாறுவார்கள். எங்களுக்கு முதுகைக் காட்டியபடி நெடுநேரம் நின்றாள். துறைமுகத்தில் சங்கு ஊதி ஓய்ந்தது. யோசனை என்பது கண்ணால் பார்க்கக்கூடிய ஒன்று என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அவள் தோள்களில் அது நடந்துகொண்டிருந்தது.

பிறகு டஸ்டரை எடுத்தாள். வட்டத்துக்குக் கீழே இருந்ததையெல்லாம், பலகை பலகையாக, அவசரப்படாமல் அழித்தாள். வெறுமையான இடத்தில் ஒரு தொடரை எழுதத் தொடங்கினாள். அவள் வகுத்த நிபந்தனை எல்லாவற்றுக்கும் உட்பட்டு, எங்கேயும் அடங்காமல் துள்ளிக்கொண்டே போகும் ஒரு தொடர். அங்கேயே, அப்போதே கண்டது. அவளுடைய தேற்றம் பொய் என்பதற்கு அவள் கையாலேயே சாட்சி. எழுதி முடித்துத் திரும்பியபோது அவள் முகத்தில் இருந்ததை என்னவென்று சொல்வேன்? கோயிலிலும் மாதாகோவிலிலும் தேடாத ஒன்றை அந்தக் கிட்டங்கி மாடியில் கண்டு எனக்கு மேல் சிலிர்த்தது.

அப்பா பலகைப் பக்கம் வந்தார்.

"ஏளா ரோசு, இப்ப என்ன ஆச்சு?"

"நான் சொன்னது தப்புப்பா. தப்புன்னு நானே நிரூபிச்சிட்டேன்."

"பேசிச் சமாளிச்சிருக்கக் கூடாதா?"

"வட்டம் போட்டாச்சேப்பா."

அவர் முத்தையாவைப் பார்த்தார். முத்தையா தரைப்பலகையைப் பார்த்தார். துறைத் தலைவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், அப்பா கையமர்த்தினார். அந்தத் தொடரை, ஒரு எழுத்தும் விளங்காத அந்தத் தொடரை, மேலிருந்து கீழாக மெல்லப் படித்தார்.

"பள்ளிக்கூடத்துக்கு வேற ஆளப் பாத்துக்கிடுதேன். நீ இத முடி."

அந்தத் தொடரிலிருந்துதான் அவள் ஆராய்ச்சிப் பட்டம் வந்தது. துறையிலேயே அவளுக்கு வேலையும் கிடைத்தது. முத்தையா ஒரு வங்கியில் சேர்ந்து வடக்கே போனார். துறை, ஊருக்கு வெளியே புதுக் கட்டடத்துக்கு மாறியது. காற்றோட்டமான கூடம், நீளமான பலகைகள், நமத்துப்போகாத சாக்பீஸ். அங்கே ரோஸ்லினின் முதல் உரைக்கு நானும் சென்னையிலிருந்து போயிருந்தேன். பழைய முகம் ஒன்றுகூட இல்லை. பாதியில் நிறுத்தி, சாக்பீசைக் கூட்டத்தை நோக்கி நீட்டி, "யாருக்காவது வட்டம் போடணுமா?" என்று கேட்டாள்.

உரை முடிந்துவிட்டது என்று நினைத்து எல்லோரும் மரியாதையாகக் கைதட்டினார்கள்.