தெர்மோஸ்டாட் இல்லாத ஐந்து நாள்

திருச்சுழி ரோட்டை விட்டு உள்ளே தள்ளி ஒரு ஊர். அங்கே ஒரு சின்ன வீட்டில் பழைய ஜன்னல் ஏசி ஒன்று உண்டு. அருப்புக்கோட்டையிலிருந்து நான்தான் போய் ரிப்பேர் பார்ப்பேன். வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் மட்டும். அந்த அக்காவுக்குப் பட்டாசு ஆலை விபத்தில் கழுத்திலிருந்து முழங்கால் வரை வெந்துபோயிருந்தது. புண் ஆறிவிட்டது. ஆனால் அந்தத் தோலில் வேர்வை வராது. வெயில் காலத்தில் உடம்புச் சூடு வெளியேற வழியில்லை. முழங்காலில் தோல் இழுத்துக்கொண்டதால் ஆள் பிடிக்காமல் எழுந்திருக்கவும் முடியாது. அவருக்காகத்தான் அந்த ஏசி.

சித்திரையில் ஏசி குளிரவில்லை என்று வீட்டுக்கார அண்ணன் போன் பண்ணினார். கழற்றிப் பார்த்தேன். தெர்மோஸ்டாட் போயிருந்தது. அறை குளிர்ந்ததும் கம்ப்ரஸரை நிறுத்தி, சூடானதும் மறுபடி ஓடவிடுகிற சின்னப் பாகம் அது. மதுரையிலிருந்துதான் வரவேண்டும்.

“ரெண்டு நாள் ஆகும்ணே.”

“ரெண்டு நாள் இவ தாங்க மாட்டா தம்பி. ஏதாச்சும் பண்ணு.”

தெர்மோஸ்டாட்டுக்குப் போகிற இரண்டு வயரையும் உருவி, சேர்த்து முறுக்கி டேப் சுற்றினேன். தொழிலில் இருக்கிற பலரும் செய்வதுதான். கம்ப்ரஸர் நிற்காமல் ஓடும். காற்று முகத்தில் பட்டதும் அக்கா கண்ணை மூடிக்கொண்டார். அவ்வப்போது அணைத்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே ஐஸ் கட்டிக் காற்றை அடைத்துவிடும். அதைச் சொல்லாமலே வண்டியை எடுத்தேன். அடுத்த வேலைக்கு வேறொரு வீட்டில் காத்துக்கொண்டிருந்தார்கள்.

சொன்னபடி பாகம் இரண்டாம் நாளே வந்துவிட்டது. முகூர்த்த சீசன், கல்யாண மண்டபத்தில் ஒரு வேலை, மல்லாங்கிணற்றில் ஒரு கடை. அக்கா வீட்டில்தான் ஓடிக்கொண்டிருக்கிறதே என்று தள்ளிப்போட்டேன்.

ஐந்தாம் நாள் போனால் வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டம்மா வெளியே வந்தார்.

“நேத்து மத்தியானம் அவள ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாக. அவ வீட்டுக்காரரு வேலைக்குப் போயிருந்த நேரம். மெஷினு ஓடுது, காத்து வரல. கதவு, ஜன்னலு எல்லாம் அடைச்சுக் கெடக்கு. போனு கட்டிலுக்கு அடியில விழுந்து கெடந்துச்சு. கூப்பிட்டுருப்பா. மெஷினு சத்தத்துல எங்களுக்குக் கேக்கலையே.”

ஆஸ்பத்திரி வராந்தாவில் அண்ணன் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். கரண்டு லோ வோல்டேஜால்தான் இப்படி ஆகிவிட்டது என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் பேசாமல் திரும்பியிருக்கலாம்.

“அண்ணே, வோல்டேஜ் இல்லண்ணே. உள்ள ஐஸ் கட்டியிருக்கு. நான்தான் வயரை டைரக்ட் பண்ணி விட்டேன். பார்ட்டு வந்து மூணு நாளாச்சு. நான்தான் வரல.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார்.

“போயி மாட்டிட்டு வா. இவ வந்தா வேணும்ல.”

போய்ப் புது தெர்மோஸ்டாட்டை மாட்டினேன். அதன் மெல்லிய குழாயை, காற்றைக் குளிர்விக்கிற காயிலில் செருகி, இரண்டு வயரையும் அதனதன் இடத்தில் சொருகினேன். பக்கத்தில் கட்டிலில் போர்வை பாதி கீழே சரிந்து கிடந்தது. கம்ப்ரஸர் தானாக நிற்கிறதா, தானாக ஓடுகிறதா என்று இருந்து பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

அக்கா உயிரோடு வந்தார். பேச்சு மட்டும் சரியாகத் திரும்பவில்லை. மூளைவரை சூடு ஏறிவிட்டதாம். வார்த்தை வார்த்தையாகக் குழறும்.

இப்போதும் அந்த ஏசிக்கு சர்வீஸ் நான்தான். என்னால் நடந்ததென்று அண்ணன் அக்காவிடம் சொல்லவில்லை. போன மாசம் வேலை முடித்துக் கிளம்பும்போது அக்கா என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். புரியாமல் நின்றேன்.

“சாப்பிட்டுப் போகச் சொல்றா” என்றார் அண்ணன், என் முகத்தைப் பார்க்காமல்.