பன்னிரண்டு மணி மாத்திரை

“மாத்திரை போட்டாச்சா?” என்று மூன்றாவது தடவையும் ஆங்கிலத்தில் கேட்டேன், தெரேசா அம்மாள் மூன்றாவது தடவையும் இத்தாலிய மொழியில் பதில் சொன்னார். போனில் பேசியே பிழைக்கும் உங்களுக்குத் தெரியும், புரியாத பதிலுக்கும் ‘சரிங்க’ என்று சொல்லத்தான் நமக்குச் சம்பளம்.

கெடு

மெல்போர்னில் பகல் பன்னிரண்டு என்றால் எங்கள் நிலக்கரிச் சுரங்க ஊரான மந்தாரக்குப்பத்தில் காலை ஆறரை. மெல்போர்னில் தனியாக இருக்கும் முதியவர்களுக்குப் போனில் மாத்திரையை நினைவூட்டுவது என் வேலை. தெரேசா அம்மாள் இருபது வயதில் இத்தாலியிலிருந்து கப்பலேறிப் போனவர். எண்பத்தாறு வயதில் ஆங்கிலம் அவரை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. மூன்று நாள் தொடர்ந்து ஆங்கிலத்தில் பதில் வராவிட்டால் மகனுக்குத் தகவல் போகும். அவர் அம்மாவை முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடுவார். சூபர்வைசர் சொன்னார்: “இங்கிலீஷ் போனா வூடும் போச்சு மேடம்.”

சுவருக்கு அந்தப் பக்கம்

இரண்டாம் நாள் மொழிபெயர்ப்புச் செயலியைப் போனருகே பிடித்தேன். அது விழித்தது. அவர் பேசியது அவருடைய கிராமத்துப் பழைய பேச்சு. நடுநடுவே தொழிற்சாலை வேலையில் ஒட்டிக்கொண்ட ஆங்கிலம். அந்த ஆங்கிலச் சொற்களைப் பிடித்துக்கொண்டே பின்னால் போனேன். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பர்வீன் சிரித்தாள்: “யாருக்கா அது? நம்ம மைன்ஸ்காரங்க மாதிரியே பேசிக்கினு இருக்கு!”

தண்ணீர்

மூன்றாம் நாள் அழுதார். என்ன சொல்வதென்று தெரியாமல் என் வாயில் தெலுங்கு வந்துவிட்டது. என் அம்மாவோடு வீட்டில் பேசியது. அவர் இறந்து நாலு வருடமாக அதைப் பேச இங்கே ஆளில்லை. மாத்திரையைப் போட்டுத் தண்ணி குடிம்மா, நானும் குடிக்கிறேன் என்று தெலுங்கில் சொல்லிவிட்டு, போனருகே சத்தம் கேட்கும்படி தண்ணீர் குடித்தேன். அந்தப் பக்கமும் மடக் மடக்கென்று கேட்டது. பிறகு, கெட்டிக்காரி என்று குழந்தையிடம் சொல்வதுபோல, “ப்ராவா.”

மகன்

மாலையில் மகனே கூப்பிட்டார். அவர் பிறந்ததே மெல்போர்னில், ஆங்கிலம் மட்டும்தான். “உங்ககிட்டதான் ரொம்ப நேரம் பேசறாங்க. என்ன சொல்றாங்கன்னு எனக்கும் கொஞ்சம் சொல்லுங்களேன்.”

மாத்திரை உள்ளே போனதா என்பதற்குப் படிவத்தில் ஒரு கட்டம்தான் இருக்கிறது, எந்த மொழியில் போனது என்பதற்கு இரண்டு: ஆங்கிலம், வேறு மொழி.

‘ஆங்கிலம்’ என்ற கட்டத்தில் குறியிட்டு அனுப்பினேன். மறுநாள் ஆறரைக்குக் கொஞ்சம் முன்பே டம்ளரில் தண்ணீர் பிடித்துப் போனுக்குப் பக்கத்தில் வைத்தேன்.