முதல் பந்தியைத் தவிர்த்து நீந்தப் போனேன்

முழங்கால் வலிக்கு நீந்தச் சொன்ன மருத்துவர், குறிப்புத் தாள் ஒன்றும் தந்தார். பத்து நிமிடம் நடந்து, கை கால்களை அசைத்து உடலைச் சூடாக்கும்படி முதல் பந்தி சொன்னது. முப்பது ஆண்டுகள் அரச அலுவலகத்தில் படிவங்கள் சரிபார்த்த எனக்கு அது வெறும் சம்பிரதாயமாகப் பட்டது. நேராகச் சுருவில் கிராமத்துக் கடலில் இறங்கினேன்.

கழுத்தளவு நீரில் கெண்டைக்கால் கல்லாக இறுகியது. உப்புநீர் வாய்க்குள் போனது, கத்தவும் முடியவில்லை. நான் வந்ததும் இறங்கியதைப் பார்த்தபடி அருகே வலை இழுத்த மீனவர் ஒருவர்தான் என்னைக் கரைசேர்த்துக் காலை நீவிவிட்டார்.

"ஒரு கையொப்பம் இல்லையெண்டு என்ர படிவத்தை மூண்டுதரம் திருப்பி அனுப்பினனீங்கள், ஐயா. உடம்பை ஒருக்கா அசைக்காமல் நீங்கள் மட்டும் இறங்கலாமோ?"

"பிழை என்ரதுதான், தம்பி."

இப்போது கரையில் பத்து நிமிடம் நடந்து, கை கால்களை அசைக்கிறேன். அந்த மீனவர் பார்த்து, "ஓம், இனி இறங்குங்கோ" என்ற பிறகே தண்ணீரில் கால் வைக்கிறேன்.