வெள்ளிக்கிழமை நடுங்கிய விளக்குகள்

கேவன் டிரெஜியரும் ரேலீனும் பிரிந்தபோது வக்கீலுக்கு அதிக வேலை வைக்கவில்லை. நாயும் வேனும் கேவனுக்கு. வீடும், எங்கள் மர்ரின்டா பவுல்ஸ் கிளப்பின் மாலை நேரங்களும் ரேலீனுக்கு. பகலில் கேவன் அங்கே புல்தரையில் பந்து உருட்டி விளையாடலாம், ரிப்பேர் பார்க்கலாம். விளக்கு போடும் நேரத்தில் கிளம்பிவிட வேண்டும். ஊரின் ஒரே எலக்ட்ரீஷியனுக்கு இது வினோதமான நிபந்தனைதான். ஆனாலும் இருவரும் அதை மீறியதில்லை. சண்டை சச்சரவில்லாத தம்பதியாக வாழ்ந்தார்கள், பிரிந்த பிறகு.

ரேலீன் கிளப் தலைவியானார். சாப்பாட்டுக் கூடத்துக்கு எல்.இ.டி. விளக்குகள் வந்தன, கேவன்தான் மாட்டினார். சுவரிலிருந்த டிம்மரைத் திருகினால் வெண்ணெய் போல வழுக்கிக்கொண்டு மங்கின. அதாவது, பகலில்.

வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்கு மட்டும் விளக்குகளை மங்கலாக வைப்போம். அன்று, பரிசாகத் தரும் இறைச்சித் தட்டு யாருக்கு என்று சீட்டுக் குலுக்கும் நேரத்தில் அவை வெடவெடவென்று நடுங்கின. பிறகு ஒன்றும் நடக்காதது போல் நின்று எரிந்தன.

கேவன் திங்கட்கிழமை வந்து, விளக்குகளுக்கு மின்சாரத்தை அளந்து ஊட்டும் டிரைவர்களை மாற்றினார். வெள்ளியன்று நடுங்கின. டிம்மரை மாற்றினார். அப்போதும் நடுங்கின.

"நான் சீட்டைத் தொட்டாலே உன் லைட்டுக்குக் குளிர்காய்ச்சல் வருதுப்பா" என்றார் குலுக்கல் நடத்தும் பெவன். அவருடைய மச்சினிக்கே இரண்டு முறை தட்டு விழுந்திருந்ததால், பேச்சு விளக்கைப் பற்றியே இருப்பது அவருக்கும் வசதியாக இருந்தது.

ரேலீன் கேவனைக் கூப்பிட்டார். "இந்த வெள்ளியும் நடுங்கினா, எல்லாத்தையும் கழட்டிட்டு பக்கத்து ஊரு டன்பரோ எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டுருவேன்."

ஊரின் ஒரே எலக்ட்ரீஷியன் என்பதில் அந்த 'ஒரே'தான் கேவனின் சொத்து. நாய்க்கும் வயதாகிவிட்டது.

"நான் பாக்கிறப்ப நல்லாத்தான் எரியுது, ரேலீன்."

"நீ பாக்கிறப்ப இங்க யாரு சாப்பிட வர்றா?"

"அப்ப நான் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரணும்."

"வேலைக்குன்னா வா. பீரு உன் காசுல."

கேவன் இஸ்திரி போட்ட சட்டையும் கருவிப் பையுமாக வந்தார். சுவிட்ச்போர்டைத் திறந்து வைத்துக்கொண்டு அதன் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். விளக்கைவிட அவரைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். பெவன் சீட்டை எடுத்தார், விளக்குகள் நடுங்கின. அதே நொடியில் போர்டுக்குள் 'டக்' என்று ஒரு சத்தம். சமையலறை வெந்நீர்த் தொட்டியின் சுவிட்சு அது. கேவன் சிரிக்க ஆரம்பித்தார்.

"என்ன இளிப்பு?" என்றார் ரேலீன்.

"கரண்டு கம்பெனி பேசுதும்மா. எல்லாரும் சமைக்கிற நேரம் பாத்து, 'வெந்நீர்த் தொட்டிய நிறுத்து'ன்னு இதே கம்பி வழியா ஒரு சைகை அனுப்புறான். தொட்டிக்குச் சொன்னத டிம்மர் தனக்குன்னு எடுத்துக்குது. முழுசா எரியிறப்ப ஒண்ணும் தெரியாது. மங்கலா வச்சாத்தான் தடுமாறும்."

"அடுத்தவங்க பேச்ச ஒட்டுக் கேக்குற லைட்டா பாத்து மாட்டியிருக்க."

"இந்த ஊரு லைட்டுதானே."

அந்தச் சைகையை மட்டும் தடுத்து நிறுத்தும் வடிகட்டி ஒன்றை மறுவாரம் டிம்மருக்கு முன்னால் பொருத்தினார். வெள்ளியன்று பெவன் சீட்டை எடுத்தபோது கூடமே அண்ணாந்து பார்த்தது. போர்டில் 'டக்' என்றது. விளக்குகள் அசையவில்லை. பெவனின் மச்சினிக்குத் தட்டு விழுந்ததைக்கூட யாரும் கவனிக்கவில்லை.

டன்பரோக்காரனின் எண்ணை எழுதி வைத்திருந்த சீட்டை ரேலீன் பீர் கோப்பைக்கு அடியில் போட்டு, கேவன் முன்னால் வைத்தார்.

கேவன் தொண்டையைச் செருமினார். "ஒரு வெள்ளிய வச்சு உறுதியாச் சொல்ல முடியாது. இன்னும் சில வெள்ளி உக்காந்து பாக்கணும்."

ரேலீனுக்கு மின்சாரம் தெரியாது. கேவனைத் தெரியும்.

"பாரு. ஆனா அந்தப் பைய வெளிய வச்சிட்டு வா. இது சாப்பிடுற இடம்."

வடிகட்டி இன்றுவரை ஒருமுறைகூடப் பிசகவில்லை. கேவனுக்குத்தான் அதன் மேல் இன்னும் நம்பிக்கை வரவில்லை.