கிள்ளாத மொட்டுகள்

மங் தெபெனுக்கு அண்ணன்மேல் இருபத்திரண்டு வருஷக் கோபம். வீட்டைப் பாகம் பிரித்தபோது நடுவில் சுவர் எழும்பியது. அப்பா வைத்த கறுப்புப் பியோனிச் செடி சுவருக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. இலையுதிர் காலத்தில் வேரைப் பிளந்து ஒரு துண்டு கொடுத்திருந்தால் தீர்ந்தது. அண்ணன் கொடுக்கவில்லை.

வாய்விட்டுக் கேட்க வேண்டியதும் இல்லை. சீனாவின் ஹெஜே பக்கத்தில் இலையுதிர் காலத்தில் வேர் பிரிக்க நினைக்கிறவன் அந்த வருஷ வசந்தத்திலேயே மொட்டு முழுவதையும் கிள்ளிவிடுவான், பூவுக்குப் போகிற தெம்பு வேருக்கு இறங்கட்டும் என்று. தெபென் வருஷா வருஷம் ஏணி போட்டுச் சுவருக்கு மேலாக எட்டிப் பார்ப்பான். மொட்டுகள் அப்படியே இருக்கும். காறித் துப்பிவிட்டு இறங்குவான்.

அண்ணன் மங் தெஷுன் செங்கல் சூளையில் முப்பது வருஷம் வெந்த மனுஷன். புத்தாண்டுக்குத் தனக்கொரு செருப்பு வாங்கமாட்டார்; செடிக்குச் சோயாப் பிண்ணாக்கு ஊறவைப்பார். தெருவே நாறும்.

"பொண்டாட்டிக்குக்கூட இப்படி ஊட்டியிருக்க மாட்டியே!" என்பார்கள்.

"அவ திட்டுவா. இது திட்டாது."

போன அக்டோபரில், இலை உதிர்ந்த வெறுங்கொம்பில் ஒரு பூ விரிந்தது. பருவம் தப்பிப் பூத்தால் வீட்டில் ஓர் ஆளைக் கேட்கும் என்று அந்த ஊரில் ஒரு பயம். அண்ணி அதன்மேல் கூடையைக் கவிழ்த்தாள். பூ உள்ளேயே அழுகியது. அந்த வாரமே அண்ணனின் இருமலில் ரத்தம் வந்தது.

குளிர்காலம் முழுக்கச் சுவரே இருமுவதுபோல் இருந்தது. தெபென் போய்ப் பார்க்கவில்லை. ஏப்ரல் தொடக்கத்தில் ஒருநாள் காலை இருமல் கேட்கவில்லை. தின்றுகொண்டிருந்த பன்னை அப்படியே போட்டுவிட்டு ஓடினான்.

அண்ணன் முற்றத்தில், மூங்கில் நாற்காலியில், பஞ்சு அங்கிக்குள் ஒடுங்கிக் கிடந்தார். எதிரே செடி. கொம்புக்குக் கொம்பு மொட்டு. நுனியில் உறைந்த ரத்தம்போல் கருஞ்சிவப்பு.

"வாடா ஏணிக்காரா. வாசல் வழியா வரக்கூடத் தெரியுமா உனக்கு?"

தெபெனுக்கு முகம் செத்துவிட்டது. "டாக்டர் என்ன சொன்னாரு அண்ணே?"

"அவன் கிடக்கான். கிட்ட வா."

"இன்னும் பத்து நாள்ல பூத்துடும். கட்டிலை இங்கயே கொண்டாந்து போடறேன், படுத்துக்கிட்டே பாரு."

"பாத்ததெல்லாம் போதும். அப்பா கையால வச்சது, ஒரு வருஷம் பூ இல்லாம பாக்க மனசு வரல. அவ்வளவுதான்டா. உன்மேல கோவமெல்லாம் இல்ல."

கதவருகே நின்ற அண்ணி சட்டைக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணன் தம்பியின் கையைப் பிடித்து முதல் மொட்டின்மேல் வைத்தார். அண்ணனின் விரல்கள் கிணற்றுக் கல்லாய்ச் சில்லிட்டிருந்தன.

"கிள்ளு. எல்லாத்தையும் கிள்ளிடு. எனக்குன்னு ஒண்ணுகூட விடாத."