ஜாலியாக இருப்பேன் என்று சொன்னேன்

எங்கள் வீட்டில் ‘ஜாலி’ என்ற சொல் அண்ணனுக்கு மட்டுமே சொந்தம். “அவன் ஜாலி டைப்புங்க” என்று அப்பா வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வார். பரீட்சையில் கோட்டை விட்டாலும் அவன் ஜாலி டைப்தான். நான் கொஞ்சம் உரக்கச் சிரித்துவிட்டால், “பொம்பளப் புள்ளைக்கு இன்னா சிரிப்பு?” என்பாள் அம்மா. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ் பிடித்து வேங்கிக்காலில் ஓர் அலுவலகத்துக்கு டைப்பிஸ்ட் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். லீவு நாளில் அலுவலகப் பெண்கள் சேர்ந்து டவுனில் மேட்னி பார்ப்போம். பஸ் வரும்வரை மிளகாய்ப்பொடி தூவிய மாங்காய் தின்றபடி நான் மேனேஜர் மாதிரி பேசிக் காட்டுவேன். வயிறு வலிக்கச் சிரிப்போம்.

அப்போதுதான் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். முன்பு வந்தவர்கள் பஜ்ஜி, சொஜ்ஜி சாப்பிட்டு, “ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புறோம்” என்று போனவர்கள். எங்கள் பக்கம் அப்படிச் சொன்னால் வேண்டாம் என்று அர்த்தம். இதுவும் தட்டிப்போனால் அம்மா நொந்துபோவாள். ஆனால் பொய் சொல்லி ஒரு வீட்டுக்குள் நுழைந்தால், அந்தப் பொய்யோடுதானே காலம்பூரா குடித்தனம் நடத்த வேண்டும்? அது எனக்கு ஒத்துவராது.

மாப்பிள்ளையின் அம்மா கேட்டார். “லீவு நாள்ல இன்னாம்மா பண்ணுவே?”

கோலம், தையல் என்று சொல்லும்படி அக்கா முன்பே பாடம் எடுத்திருந்தாள்.

“ஃப்ரெண்ட்ஸோட ஜாலியா சினிமாவுக்குப் போவேங்க. கல்யாணத்துக்கு அப்புறமும் போவேன்.”

அப்பா முகத்தில் ஈயாடவில்லை. அம்மா என் இடுப்பில் கிள்ளினாள். மாப்பிள்ளை பஜ்ஜியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த அம்மா தட்டைக் கீழே வைத்தார். கிளம்பப் போகிறார் என்றே நினைத்தோம்.

“இவன் பொறந்தப்புறம் நான் சினிமா கொட்டாய் பக்கமே போனதில்ல. யாரு கூட்டிக்கினு போறா?” என்று தன் கணவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு என்னிடம், “என்னையும் இட்டுக்கினு போவியா?”

“வாங்க. மாங்கா நீங்க வாங்கித் தரணும்.”

சொல்லி அனுப்புகிறோம் என்ற பேச்சே வரவில்லை. பையிலிருந்து மல்லிகைச் சரத்தை எடுத்து அவரே என் தலையில் வைத்துவிட்டார். பூ வைத்துவிட்டால் முடிந்தது.

கல்யாணத்துக்கு அப்புறம் போன முதல் மேட்னிக்கு அத்தை பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தார். காமெடிக் காட்சியில் அவர் சிரித்த சிரிப்பில் முன்வரிசையே திரும்பியது.

“அத்தை, எல்லாரும் பாக்கறாங்க.”

“பாக்கட்டும்” என்று இன்னும் உரக்கச் சிரித்தார்.